மாதா சத்தியமா

ஆஸ்பத்திரியில் மகன் கிடந்த அறைக்குள் கால் வைத்ததும் ஜெபமேரியின் இமைகள் தாமாகவே மூடிக்கொண்டன. மருமகள் ஷைனி கையைப் பிடித்துக் கூட்டிவந்து கட்டிலருகே நாற்காலியில் உட்காரவைத்தாள். தூத்துக்குடியில் இப்போது இதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அண்ணனைக் கண்டால் நாக்கு எழாத தம்பியும், சம்பந்தி வீட்டுச் சோற்றில் கை வைக்க முடியாத சம்பந்தியும் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள்.

எல்லாம் வாக்குப்பூட்டின் வேலை. காதுக்குப் பின்னால் எள்ளளவு பொறி. சத்தியம் செய்தால் அதற்கேற்ப நரம்பைக் கட்டிவிடும். யாரைக் குறித்துச் சத்தியமோ, அவருடைய முகமும் நாடித்துடிப்பும் அதற்குத் தெரியும். பதவியேற்பவர்கள் சொன்ன சொல் காக்கட்டும் என்றுதான் கொண்டுவந்தார்கள். அவர்கள் கில்லாடிகள். ஒரே மாதத்தில் சத்தியத்தை விட்டுவிட்டு 'ஆவன செய்வோம்' என்று பேசப் பழகிக்கொண்டார்கள். மாட்டிக்கொண்டது, கோபம் வந்தால் வாயை அடக்கத் தெரியாத பாவப்பட்ட சனங்கள்.

ஜெபமேரி மீன் விற்கிறவள். "மாதா சத்தியமா இன்னிக்குப் புடிச்ச மீனுதான்" என்று நாள் முழுக்கச் சொல்வாள். பூட்டு அசையாது. உதட்டுச் சத்தியம் எது, நெஞ்சுச் சத்தியம் எது என்று அதற்குத் தெரியும். புருஷனை அடக்கம் செய்த மறுநாள் மகன் கிளாட்வின் வாசலில் வந்து நின்றபோது அவள் கத்தியது நெஞ்சிலிருந்து வந்தது.

"அப்பன் மூஞ்சியப் பாக்க வராத நாய்க்கு இங்க என்னல வேல? இனி முழிச்சா உன் பொணத்துலதாம்ல முழிப்பேன். மாதா சத்தியமா!"

மாற்று ஆள் வரும்வரை கப்பலின் இயந்திர அறையை விட்டு நகர்வதில்லை என்று வேலையில் சேரும்போது அவன் சத்தியம் செய்திருந்தான். சாவுச் செய்தி வந்தும் ஏணியில் ஏறக் கால் வரவில்லை. அதை அவன் சொல்லவுமில்லை, அவள் கேட்கவுமில்லை.

சத்தியம் யாரிடம் சொல்லப்பட்டதோ அவர் 'விட்டேன்' என்று வாய்விட்டுச் சொன்னால் போதும், பூட்டு அவிழ்ந்துவிடும். அம்மா வந்து கேட்கட்டும் என்று மகன் இருந்தான். அவனே வந்து சொல்லட்டும் என்று தாய் இருந்தாள். வருஷங்கள் போயின. இப்போது கப்பலில் கொதிகலன் வெடித்து, நினைவில்லாமல், தொண்டையில் குழாயோடு கிடக்கிறான்.

"ஒரே ஒரு தடவ இவன் மூஞ்சியப் பாக்கணும்டீ. டாக்டர்ட்ட சொல்லி இந்த எழவப் புடுங்கி எறியச் சொல்லு."

"நரம்போட வளந்துட்டாம் மாமி. எடுத்தா கண்ணு போயிருமாம்."

ஜெபமேரி தடவித் தடவி மகனின் கன்னத்தைக் கண்டுபிடித்தாள்.

"தாடி வச்சிருக்கானா?"

"ஆமா மாமி. பாதி நரச்சிட்டு."

அதைக் கேட்டதும் அவள் உடைந்து அழுதாள். தன் பிள்ளை நரைத்ததைக்கூட அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

"எந்திரில மக்கா. ஒரு வார்த்த சொல்லுல."

அப்போது இமைகள் லேசாகத் தளர்ந்தன. ஓரத்தில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது.

"மாமி, கண்ணு தொறக்குது!" என்று ஷைனி சந்தோஷத்தில் கத்தினாள்.

ஜெபமேரி மகனின் கன்னத்திலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தாள். 'பொணத்துலதான் முழிப்பேன்' என்று தான் அன்று சொன்னது அவளுக்குத்தானே தெரியும்! இரண்டு உள்ளங்கைகளாலும் கண்களைப் பொத்தி அழுத்தினாள்.

"வேண்டாம் தாயே! நான் பாக்கல. எம்மவன் மூஞ்சிய ஒருநாளும் பாக்க மாட்டேன். அவன் உசுரோட இருக்கட்டும். மாதா சத்தியமா!"

இமைகள் மறுபடி இறுகின.

நர்ஸ்கள் ஓடிவந்தார்கள். நெஞ்சை அழுத்திப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு கருவியாக நிறுத்தினார்கள். ஷைனி தரையில் சரிந்து உட்கார்ந்தாள்.

"போயிட்டாவ மாமி. இப்பவாவது மூஞ்சியப் பாருங்க."

"ஏன்டீ இப்படிப் பேசுத?" என்றாள் ஜெபமேரி, மறுபடி மகனின் கன்னத்தைத் தடவியபடி. "எங் கண்ணு மூடித்தான கெடக்கு? அவன் உசுரோடதான் இருக்கான்."