கண் திறப்புக்கு வராதவர்

பொம்மைக்கு முன்னால் நிற்க வேண்டிய மனிதர் வரவில்லை. அவருக்குப் பதிலாக அவருடைய பழைய பொம்மை வந்திருந்தது. கார் டிரைவர் அதைக் கைக்குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக் கொண்டுவந்து மாயக்காளின் மேசைமேல் இறக்கினான். இறக்கிவிட்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டான்.

“ஆரம்பிங்க. நேரமில்ல,” என்றது பழைய பொம்மை. முழ உயரம், வெள்ளைச் சட்டை, இரும்பை விழுங்கிய முகம்.

மாயக்காள் தூரிகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “யாருக்கு நேரமில்ல? ஒனக்கா, ஒங்க மொதலாளிக்கா?”

“ரெண்டு பேரும் ஒண்ணுதான்.”

“அது வாஸ்தவம்,” என்றான் மூலையில் பூச்சுத் துப்பாக்கியைக் கழுவிக்கொண்டிருந்த சோலையப்பன். “அவரும் இந்த லட்சணத்துலதான் பேசுவாரு.”

கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகை அந்தப் பட்டறை. அங்கே பதிலிகள் செய்தார்கள். கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று எதற்கும் நேரில் போகச் சோம்பல்படுகிறவர்கள் தங்களுக்குப் பதிலாக அனுப்புகிற பொம்மைக்குப் பதிலி என்று பெயர். அனுப்ப வசதியுள்ள ஒருவரும் இப்போது எங்கேயும் நேரில் போவதில்லை. சாவு வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாகப் பதிலிகள் உட்கார்ந்திருக்கும். பிணத்தைத் தூக்கும்போது எல்லாம் ஒன்றாக எழுந்து நிற்கும். தூக்குவதற்கு மட்டும் மனிதர்கள் வேண்டும். அதற்குக் கூலிக்கு ஆள் இருக்கிறது.

பதிலி செய்கிற நினைவுக்களி சாதாரண மண் அல்ல. உடையவரின் வீட்டில் வருடக்கணக்காகச் சேர்ந்த குரல்பதிவு, படம், நடை, சிரிப்பு எல்லாவற்றையும் அதில் கரைத்துவிடுவார்கள். உருவை எந்திரமே வார்த்துவிடும். எந்திரத்துக்கு வராத வேலை இரண்டு. ஒன்று கண் எழுதுவது, மற்றது உறைபூச்சு அடிப்பது. கண்ணின் கருமணியில் கடைசி வெள்ளைப் புள்ளியை வைத்ததும் பதிலி பார்க்கத் தொடங்கும். அந்தப் புள்ளி காய்வதற்குள் அதன் பார்வைக்கு நேரே யார் இருந்து என்ன பேசுகிறாரோ, அவரையே அது தனக்கு உரியவராக எடுத்துக்கொள்ளும். அவர் பேசிய முதல் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் பிறகு எல்லாமே பேசும். காய்ந்த கையோடு உறைபூச்சு அடித்துவிட்டால் தீர்ந்தது. தண்ணீரும் இறங்காது, புதுப் புத்தியும் ஏறாது.

அதனால்தான் உடையவர் நேரில் வர வேண்டும் என்று பட்டறையில் பலகை எழுதி மாட்டியிருந்தார்கள். படித்தவர்கள்தான் வாடிக்கையாளர்கள். பலகையை ஒருவரும் படிப்பதில்லை.

வருகிறவர்களும் கண்ணைப் பற்றிக் கேட்பதில்லை. நிறத்தை இரண்டு படி ஏற்று, தொந்தியை இறக்கு, வழுக்கையை மூடு, மீசையை முறுக்கு என்பார்கள். ஒரு பேராசிரியர் தன் பதிலிக்கு மூக்கை மாற்றச் சொன்னார். மாற்றிய பிறகு அவருடைய மனைவிக்கே அடையாளம் தெரியவில்லை. அவருக்கு அதில் பெருமை. கூழாங்கல்லுக்கு ஜரிகை கட்டுவது போன்ற இந்த வேலையைத்தான் மாயக்காள் இத்தனை காலமும் செய்கிறாள். அவளுக்கும் வேறு பிழைப்பு கிடையாது. அந்தக் கடுப்பும் சேர்ந்துதான் தூரிகை ஓடும்.

இப்போது மேசைமேல் இருந்தது குலசேகரனின் புதுப் பதிலி. குலசேகரன் அடுக்குமாடி கட்டி விற்கிறவர். மறுநாள் காலை திருமங்கலத்தில் அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். தாரை வார்த்துக் கொடுக்க இந்தப் பொம்மை போகிறது. பழையதைக் கோர்ட்டு வழக்கு, நிலத் தகராறு என்று அலையவிட்டு முகமே கோணிவிட்டதாம். மங்கல காரியத்துக்குப் புதிது வேண்டுமாம்.

“மாயக்கா, பழசையே எதுக்க நிப்பாட்டிருங்க,” என்று வாசலிலிருந்து கத்தினான் சூப்பர்வைசர் எட்வின். “அவரு மொகந்தான, அவரு பேச்சுதான.”

“பலகையில வேற மாதிரி எழுதிருக்கே, தம்பி.”

“பலகைக்கா சம்பளம் குடுக்குறாங்க?”

மாயக்காள் மூன்றே மயிர் கட்டிய தூரிகையால் விழியின் ஓரத்தில் லேசாக ரோஜா நிறம் இழுத்தாள். வெறும் வெள்ளை வைத்தால் செத்த மீனின் கண் மாதிரி இருக்கும். இமைக்குக் கருப்பு வைக்காமல் கருங்காப்பி நிறம் வைத்தாள். கருமணி வைத்தாள். வெள்ளைப் புள்ளி ஒன்றுதான் பாக்கி. மூச்சை நிறுத்தி அதையும் வைத்து, பொம்மையின் பார்வையிலிருந்து விலகி நின்றாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் உள்ளே ஓடிவந்தாள். கையில் மருதாணி இன்னும் காயவில்லை.

“அக்கா, நிறுத்துங்க! வேணாம்!”

“யாரும்மா நீயி?”

“நான் மதிவதனி. அது எங்க அப்பா.”

“வச்சாச்சும்மா. கண்ணு தொறந்திருச்சு.”

அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. “இந்தப் பொம்மை ரெடி ஆகலைன்னா அவரு நேர்ல வந்துதான ஆகணும்? எனக்கு அவரு வரணும்க்கா. என் பள்ளிக்கூடத்துக்குப் பொம்மை வந்துச்சு. அம்மா செத்தப்ப கொள்ளி வைக்கப் பொம்மை வந்துச்சு. நாளைக்காச்சும்...”

“நீ உன் சிநேகிதி கல்யாணத்துக்கெல்லாம் நேர்லதான் போனியாக்கும்?”

மதிவதனி தலையைக் குனிந்தாள்.

“அப்ப என்னத்தச் சொல்ல. எல்லாரும் ஒரே களிதான்,” என்றாள் மாயக்காள். “இந்தா பாரு. புள்ளி காய்ஞ்சுக்கிட்டு இருக்கு. ஒருத்தரும் பேசலைன்னா இது குருடாப் போயிரும். ராத்திரிக்குள்ள இன்னொண்ணு வார்ப்பாங்க. அதுக்கும் இந்தப் பழசுதான் வந்து நிக்கும். ஒங்க அப்பா வரப்போறதில்ல.”

“சீக்கிரம். நேரமில்ல,” என்றபடி பழைய பொம்மை தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் நகர்ந்தது.

மதிவதனி அதைப் பார்த்தாள். சட்டென்று இடுப்பைப் பிடித்துத் தூக்கி, சுவரைப் பார்க்க வைத்துவிட்டாள். அது சுவரிடம் “இது சரியில்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவள் முக்காலியை இழுத்துப் போட்டுப் புதுப் பதிலியின் முன்னால் உட்கார்ந்தாள்.

“அப்பா, நான் மதி. நாளைக்கு எனக்குக் கல்யாணம். நீங்க வரணும்.”

பொம்மையின் விழி அவள் முகத்தில் வந்து நின்றது.

“வராம நான் எங்க போவேன்? கண்ணு ஏன் கலங்கிருக்கு? சாப்புட்டியா?”

சோலையப்பன் துப்பாக்கியோடு அப்படியே நின்றான். “அடிக்கவா, மாயக்கா?”

“அடிச்சு விடு. வானம் மூட்டமா இருக்கு. ஈரம் பட்டா பூச்சு வெள்ளை பூத்துரும்.”

உடம்புக்கு மங்கல் பூச்சும், கண்ணுக்கும் உதட்டுக்கும் பளபளப்பும் அடித்தார்கள். எட்வின் வந்து எட்டிப் பார்த்தான். “ரெடியா? யாரு நின்னது?”

“அவுக வீட்டு ஆளுதான்,” என்றாள் மாயக்காள்.

மறுநாள், பூச்சில் கீறல் விழுந்தால் தொட்டு எழுத வேண்டும் என்று மாயக்காளையும் மண்டபத்துக்கு அனுப்பினார்கள். பெரிய மண்டபம். முன்வரிசை முழுக்கப் பதிலிகள், உயரம் போதாமல் நாற்காலிமேல் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். மாலை மாற்றும்போது எல்லாம் சேர்ந்து கை தட்டின. பந்தியில் இலை போட்டும் ஆளில்லை. சமையல்காரர்களும் நாதஸ்வரக்காரர்களும் டிரைவர்களும் மாயக்காளும் மட்டும் வயிறு முட்டத் தின்றார்கள். மீதி வண்டியில் ஏறிக் குப்பைக்குப் போனது.

மேடையில் மட்டும் வேறொன்று நடந்தது. குலசேகரனின் பதிலி மணையில் நின்றுகொண்டு சின்னக் கெண்டியால் நீர் வார்த்தது. “மூணாங் கிளாஸ்ல நீ பாடுன பாட்டு இன்னும் காதுல இருக்கும்மா,” என்றது. மகள் பாடியது, அழுதது, கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டது எல்லாமே குலசேகரனின் காதில் விழுந்தவைதான். அவர் கேட்கவில்லை. களி கேட்டு வைத்திருந்தது. மதிவதனி அந்தப் பொம்மையின் விரலைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. மாப்பிள்ளை ஒரு பக்கம் சும்மா நின்றான்.

அப்போதுதான் குலசேகரன் வந்தார். நேரில். சட்டை கசங்கி, வேர்த்து, மூச்சிரைக்க. சுவரைப் பார்த்து நின்ற பழைய பொம்மை வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டது. அதைக் கேட்க அவருக்கு இப்போதுதான் நேரம் கிடைத்திருந்தது. முன்வரிசைப் பதிலிகள் ஒன்றும் அவருக்கு எழுந்து நிற்கவில்லை. அவற்றுக்குத் தெரிந்த குலசேகரனுக்குத் தலையில் முடி இருந்தது.

மதிவதனி அவரைப் பார்த்ததும் பாதி எழுந்தாள். அவள் கேட்டது நடந்துவிட்டது. அப்பா நேரில் வந்துவிட்டார். ஒரு வார்த்தைக்காக அவள் வாயை லேசாகத் திறந்தபடி காத்திருந்தாள்.

அவர் மகள் பக்கம் திரும்பவில்லை. மாயக்காளைப் பார்த்து விரலை நீட்டினார். “ஏய், ஒன்னையத்தான். யாரக் கேட்டு இவளை எதுக்க ஒக்கார வச்ச? நாளைக்கு இந்தப் பொம்மை ரிஜிஸ்தர் ஆபீசுல எனக்காக நிக்கணும். இப்ப இது எவன் பேச்சக் கேக்கும்?”

மேடையிலிருந்த பதிலி மகளிடம் குனிந்தது. “யாரும்மா அவரு? தெரிஞ்சவரா?”

மதிவதனி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேளக்காரர் கோலை அந்தரத்தில் பிடித்தபடி நின்றார். குலசேகரன் அப்போதுதான் மகளைத் திரும்பிப் பார்த்தார். பார்த்து, “மதி, இதக் கீழ எறக்கு,” என்றார்.

“தெரியலப்பா,” என்றாள் அவள், பொம்மையிடம். “மண்டபம் மாறி வந்துட்டாரு போல.”

கல்யாண வீட்டில் எதைச் சொன்னாலும் சிரிக்கும்படி உறைந்த பதிலிகள் எல்லாம் ஒன்றாகச் சிரித்தன. மண்டபத்து ஆள் ஒருவன் மரியாதையாகவே அவருடைய முழங்கையைப் பிடித்து, “வாங்க சார், பக்கத்து மண்டபத்துலயும் முகூர்த்தம் இருக்கு,” என்று வெளியே கூட்டிப் போனான்.

சேதி ஊரெல்லாம் பரவியது. பட்டறை வாசலில் கூட்டம் கூடியது. பிள்ளைகள் பெற்றவர்களின் பதிலிக்கு முன்னால் உட்கார வந்தார்கள், மனைவிகள் புருஷன்களின் பதிலிக்கு முன்னால் உட்கார வந்தார்கள். ஒரு மருமகள் மாமியாரைச் செய்யச் சொல்லி, “வாய் மட்டும் சின்னதா வைங்க,” என்றாள். உடையவருக்குத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுப் பதிவு வீட்டில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வந்தால் போதும். எட்வின் பழைய பலகையைக் கழற்றி விறகில் போட்டான்.

அந்தக் கூட்டத்தில் ஒரு காலையில் குலசேகரனும் நின்றார். டிரைவர் இல்லை, பழைய பொம்மை இல்லை. கொட்டகை திறப்பதற்கு முன்பே வந்து வரிசையில் நின்றிருந்தார். மகளைச் செய்யச் சொல்லியிருந்தார்.

“பார்வை கொஞ்சம் பணிவா இருக்கட்டும்,” என்றார். “அப்பா மேல பாசமா.”

“பணிவெல்லாம் எழுதலாம்,” என்றாள் மாயக்காள். “பாசம் நீங்க பேசுற பேச்சுல இருக்கு. நான் புள்ளி வச்சதும் பேசிருங்க. நெனச்சு வச்சிருக்கீகளா?”

“வச்சிருக்கேன்.” உண்மையிலேயே வைத்திருந்தார் போல. உதடு ஓசையில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. முக்காலியில் பள்ளிக்கூடப் பையனைப் போல முழங்கால்களைச் சேர்த்து உட்கார்ந்திருந்தார். மாயக்காளுக்கு ஒரு கணம் மனசு இளகப் பார்த்தது. அதை அடக்கிக்கொண்டு இமைக்கோட்டை இழுத்தாள். மதிவதனியின் முகம் பொம்மையில் அசலை விட நன்றாகவே வந்திருந்தது. கருமணி வைத்தாள். வெள்ளைப் புள்ளி வைத்தாள்.

பொம்மை அவரைப் பார்த்தது.

அவர் வாயைத் திறந்தார். சட்டைப்பையில் போன் அடித்தது. கை தானாகப் போனது. பழகிய கை. “சொல்லுய்யா. இல்ல, இங்க ஒரு வேலையா இருக்கேன். அப்புறம் பேசுறேன். அப்புறம் பேசுறேன்யா,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு முகத்தை மலர்த்திக்கொண்டு திரும்பினார்.

“அம்மாடி, மதி...”

புள்ளி காய்ந்திருந்தது. சோலையப்பனுக்குப் பின்னால் வரிசையில் இன்னும் பொம்மைகள் காத்திருந்தன. அவன் கேட்காமலே பூச்சை அடித்துவிட்டான்.

மகள் பாசமாக, பணிவாக, கண் நிறைய அவரைப் பார்த்தாள்.

“வேலையா இருக்கேன்ப்பா,” என்றாள். “அப்புறம் பேசுறேன்.”