கழற்றி வைத்த கார்டு

ஃப்ளாப்பி டிஸ்கை வெளியே எடுத்த பிறகும் டிரைவ் அதைப் படித்துக்கொண்டிருந்தது.

டிஸ்க் அவள் விரல்களுக்கிடையில் இருந்தது. கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளிருந்து மட்டும், எலி மரத்தைக் கொறிப்பதுபோல் கறக் கறக்கென்ற சத்தம் ஓயாமல் வந்தது. பழைய மோட்டார், மெதுவாகத்தான் அடங்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். எக்ஸ்ரே அறைக்கு ஜன்னல் கிடையாது. ஈயத்தகடு பதித்த கதவைச் சாத்திவிட்டால் வெளியே கொட்டும் மழைகூடக் காதில் விழாது. மருந்து நெடியும் சூடேறிய தூசியின் வாடையும் கலந்து மூக்கை அடைத்தன.

கிளினிக்கின் எக்ஸ்ரே மெஷினுக்கு அவளைவிட வயது அதிகம். அதை இயக்கும் கம்ப்யூட்டர் காலையில் படுத்துவிட்டது. அந்தக் காலத்து ஆபரேட்டிங் சிஸ்டத்தை மறுபடி ஏற்றினால்தான் எழுந்திருக்கும். "நாளைக்குக் காலையில பேஷண்டுங்க வந்துடுவாங்கம்மா. எப்படியாவது முடிச்சுக் குடுத்துடுங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு டாக்டர் சாயங்காலமே கிளம்பிவிட்டார்.

மூன்றாவது டிஸ்கிலேயே கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. டிரைவைத் துடைத்தாள். கேபிளை மாற்றினாள். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையிலிருந்த அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"எக்ஸ்ரே கார்டு குறுக்க நிக்குதோ என்னவோ. அதைக் கழட்டி வச்சிட்டு ஏத்திப் பாரு" என்றான் அண்ணன். "அந்த மெஷின் உன்னைவிடப் பெரியவரு. கொஞ்சம் மரியாதையா நடந்துக்க."

சிரித்துக்கொண்டே, மெஷினையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் அந்தக் கார்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அதன்பின் டிஸ்குகள் ஒவ்வொன்றாக ஒழுங்காக ஏறின. கடைசி டிஸ்கும் முடிந்தபோது கறுப்புத் திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. எக்ஸ்ரே கார்டு கிடைத்துவிட்டதாம். சோதனைக்கு ஒரு படம் எடுக்கட்டுமா? சரி என்றால் 'ஒய்', வேண்டாம் என்றால் 'என்'.

கார்டு மேசைமேல்தான் இருந்தது. தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது.

மறுபடி அண்ணனை அழைத்து, போனை வலது காதில் வைத்துக்கொண்டாள். மணி அடிப்பது நின்றது.

"அண்ணா, கார்டு வெளிய இருக்கு, உள்ள இருக்குன்னு சொல்லுது. படம் எடுக்கவான்னு கேக்குது. ஒய் அழுத்தவா?"

"அழுத்து."

அழுத்தினாள்.

"ஹலோ? இப்பதான் லைன் கிடைச்சுது" என்றான் அண்ணன். "என்ன சொன்ன?"

"நீதானே அழுத்தச் சொன்ன."

"நான் இன்னும் வாயே தொறக்கலையே. பக்கத்துல யாரு?"

அந்தச் சொல் வலது காதில் விழவில்லை. இடது காதில் விழுந்திருந்தது. வெதுவெதுப்பாக.

தலைக்கு மேல் டக்கென்று ஒரு சத்தம். சுவரைப் பார்த்திருந்த எக்ஸ்ரே குழாய் இப்போது அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

திரையில் படம் மேலிருந்து வரி வரியாக இறங்கத் தொடங்கியது. ஒரு மண்டை ஓடு. கொண்டை ஊசி. தோடு. அவளுடையவை.

போனில் அண்ணன் கத்திக்கொண்டிருந்தான்.

இன்னும் சில வரிகள். அவள் மண்டை ஓட்டை ஒட்டி இன்னொன்று. காதருகே சாய்ந்திருந்தது. தாடை திறந்திருந்தது.

அவள் திரும்பவில்லை. மூச்சும் விடவில்லை.

படம் கழுத்துக்கு இறங்கியது. வெள்ளை வெளேரென்று விரல் எலும்புகள். ஒன்று. இரண்டு. அவள் தொண்டையைச் சுற்றி, ஒவ்வொன்றாக.