உயிரோடிருப்பவனுக்கு ஒரு மலர்வளையம்!

அலறல் கேட்டபோது, சியோல் தொலைக்காட்சி நிலையத்தின் முன்கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்.

'மக்கள் வழக்கு' நிகழ்ச்சியை நடத்தும் தாக் ஹே-ரின். இன்ஸ்பெக்டர் போங். பாடகன் ரியூவின் மேனேஜர் ஓ டல்-ஹோ. ரசிகர் மன்றத் தலைவி நாரே. அலறிய துப்புரவுப் பெண்மணி.

அப்புறம்... ஒரு பிணம்!

வெள்ளைச் சாமந்தி மலர்வளையங்கள் சுவரோரம் வரிசையாக நின்றன. நடுவில் ரியூவின் புகைப்படம், கறுப்பு ரிப்பனோடு. அதன் முன்னால் கறுப்புக் கோட்டு அணிந்த ஒரு பெரியவர் குப்புறக் கிடந்தார்.

அசைவே இல்லை.

இன்ஸ்பெக்டர் போங் மண்டியிட்டு அவர் கழுத்தில் விரலை வைத்தார்.

"கையை எடுடா!" என்றது பிணம்.

போங் பின்னால் சாய்ந்து ஒரு மலர்வளையத்தின் மீது உட்கார்ந்தார்.

"செத்தவனுக்கு ரெண்டு தடவை விழுந்து கும்பிடணும். இது ரெண்டாவது. நடுவுல தொடறியே... உங்க வீட்ல பழக்க வழக்கம் எதுவும் சொல்லித் தரலையா?"

பெரியவர் நிமிர்ந்தார். கண்கள் சிவந்திருந்தன. முதுகு மட்டும் கொஞ்சமும் வளையவில்லை.

பியோன் சாங்-ரோக். யோங்ஜு ஊரின் பியோன் குடும்பத்துக்கு மூத்தவர். காலையில் பேருந்து நிலையத்து டிவியில், சத்தமில்லாமல் ஓடிய செய்தியில், இந்தப் புகைப்படத்தையும் இந்த வளையங்களையும் பார்த்தார். அப்படியே வண்டி ஏறிவிட்டார்.

"ஐயா... ரியூ சாகல," என்றாள் தாக் ஹே-ரின்.

"என்னது?"

"மாடியில மேக்கப் போட்டுட்டு இருக்கார்."

"அப்போ இந்த மாலையெல்லாம்?"

"நாங்கதான் அனுப்பினோம்!" நாரே முன்னால் வந்தாள். "செத்தது அவர் இல்ல தாத்தா. அவரோட மனசாட்சி. ரிப்பனைப் படிங்க."

"உசுரோட இருக்கற பிள்ளைக்கு சாவு மாலையா? ஏம்மா, கோபம் வந்தா திட்டறதுக்கு வாய் இல்லையா உனக்கு?"

"திட்டிப் பாத்தாச்சு. பாட்டைக் கேக்காம இருந்தும் பாத்தாச்சு. அதுதான் முடியல!"

பெரியவருக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் ஆத்திரமும் வந்தன. அவர் இரண்டையும் விழுங்கினார். பிள்ளை உயிரோடு இருக்கிறான்! தம்பி மகன். அந்த நினைப்பிலேயே கால்கள் லேசாகிவிட்டன.

"அப்படி என்ன தப்பு பண்ணினான்?"

போங் கோட்டில் ஒட்டியிருந்த சாமந்தியைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார். "போன செவ்வாய் ராத்திரி, கம்பெனி கார் ஒண்ணு சாப்பாடு கொண்டு போற பையனை இடிச்சுட்டு நிக்காம போயிடுச்சு. பையனுக்குக் கால் உடைஞ்சிருக்கு. நொறுங்கின கார் காலையில கம்பெனியில நின்னுச்சு, அதுல இருந்த கேமரா கார்டைக் காணோம். நான்தான் ஓட்டினேன்னு மேனேஜர் சரணடைஞ்சார், இப்போ ஜாமீன்ல இருக்கார். ஊர்ல ஒருத்தரும் நம்பல. இன்னும் கொஞ்ச நேரத்துல ரியூவே நேரலையில ஒத்துக்கப் போறார். ஒத்துக்கிட்டதும் விலங்கு மாட்டி..."

"எந்த ராத்திரின்னு சொன்னே?"

"செவ்வாய்."

பெரியவர் சிலையானார்.

செவ்வாய்! பாட்டனாரின் திதி!

அன்று ரியூ யோங்ஜுவில்தான் இருந்தான். முகத்தை மூடிக்கொண்டு கொல்லைப்புற வாசல் வழியாக வந்தான். படையல் மதுவைப் பெரியவர் கையாலேயே வாங்கிக் குடித்தான். விடியும்வரை அவர் வீட்டுக் கூடத்தில் குறட்டை விட்டான்.

அதை அவன் சொல்ல மாட்டான். ஏனென்றால், வாக்கு வாங்கியிருந்தவர் அவரேதான்!

'உன் கூத்துக்கு நம்ம வீட்டுப் பேரை இழுக்கக் கூடாது. டிவியில நீ பியோன் வீட்டுப் பிள்ளைன்னு ஒரு வார்த்தை வந்தா, திதிக்கு வராதே.'

"மேக்கப் ரூம் எங்கே?" கேட்டுக்கொண்டே மாடிப்படியில் தாவினார் பெரியவர்.

ரியூ கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தான். கறுப்புச் சட்டை. பூசிய முகத்திலும் வெளிறல் தெரிந்தது. பக்கத்தில் கம்பெனியின் தலைவி மா யோன்-சுக் நின்றிருந்தாள். முத்து மாலை, தேன் குரல்.

"குனியறப்போ நல்லா குனி, கண்ணு. கண்ணுல தண்ணி வரணும். அழுதா மன்னிச்சுடுவாங்க. அடுத்த வருஷம் புது ஆல்பம் போட்டுடலாம்."

கதவு திறந்தது.

கண்ணாடியில் பெரியவரைப் பார்த்ததும் ரியூவின் உதடு துடித்தது.

"யாரு இவர்?" என்றாள் மா.

"தெரியாது மேடம்," என்றான் ரியூ. "யாரோ... வழி தவறி வந்துட்டார் போல."

பெரியவருக்கு நெஞ்சில் சுரீரென்றது.

பொய்தான். ஆனால் வாக்கைக் காப்பாற்றச் சொன்ன பொய்! ஜெயிலுக்குப் போகும்போதும் வீட்டுப் பேரை வாயில் எடுக்காத பிள்ளை! இவனையா கொல்லைப்புற வாசல் வழியாக வரச் சொன்னோம்?

"செக்யூரிட்டி! தாத்தாவை வெளியில விடுங்க!" என்றாள் மா.

வெளியில் கொண்டுவந்தார்கள். ஆனால் எந்தப் பக்கம் விடுவது என்று அவர்கள் யோசிப்பதற்குள், பெரியவர் ஸ்டுடியோவின் பக்கம் போயிருந்தார்.

நேரலை ஆரம்பித்திருந்தது. ஒரே களேபரம்!

"பாட்டு வேற, பாடறவன் வேறங்க!" என்றார் ஒரு கண்ணாடிக்கார விமர்சகர்.

"அப்போ டிக்கெட் காசு வாங்கறது யாரு? பாட்டா?" என்று பாய்ந்தாள் நாரே.

"ஒரு தப்புக்கு ஒரு மனுஷனையே அழிச்சுடுவீங்களா?"

"அடிபட்ட பையன் காலைப் போய் பாருங்க சார், அப்புறம் மனுஷத்தன்மை பேசலாம்!"

பார்வையாளர்கள் கைதட்டினார்கள். யாருக்குத் தட்டுகிறோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

ரியூ மேடையேறினான். மைக்கைப் பிடித்தான்.

"அன்னிக்கு ராத்திரி காரை ஓட்டினது..."

"நிறுத்துடா!"

கேமராக்கள் திரும்பின. விறைத்த முதுகோடு ஒரு கறுப்புக் கோட்டு மேடையேறிக்கொண்டிருந்தது.

"பெரியப்பா... வேணாம்!" ரியூ தன்னை மறந்து கத்திவிட்டான்.

பெரியவர் மைக்கைப் பிடுங்கினார்.

"என் பேர் பியோன் சாங்-ரோக். இவன் என் தம்பி மகன். இவனும் பியோன்தான்! செவ்வாய்க்கிழமை பொழுது சாயறதுக்கு முன்னாடி என் வீட்டுக்கு வந்தான். எங்க பாட்டனார் திதி. மறுநாள் காலையில கஞ்சி குடிச்சுட்டுத்தான் கிளம்பினான். சொந்தக்காரங்க அத்தனை பேரும் சாட்சி. இவன் கூத்தாடின்னு நான்தான் இத்தனை நாள் மூடி வெச்சேன். வெக்கப்பட வேண்டியது நான். இவன் இல்ல!"

"அப்போ ஏண்டா ஒத்துக்க வந்தே?" கீழேயிருந்து கத்தினார் போங்.

"டல்-ஹோ அண்ணன்தான் இடிச்சார்னு மேடம் சொன்னாங்க..." ரியூ திணறினான். "அவர் வீட்ல கைக்குழந்தை இருக்கு. அவர் ஜெயிலுக்குப் போகக் கூடாதுன்னு..."

"நானா?" மேனேஜர் டல்-ஹோ துள்ளி எழுந்தார். "டேய்! நீ இடிச்சேன்னு சொல்லித்தாண்டா மேடம் என்னை சரணடையச் சொன்னாங்க! உன் வாழ்க்கை போயிடுமேன்னு நான்... அன்னிக்கு நான் அந்தக் காரைத் தொடவே இல்லடா!"

"நானும் தொடல அண்ணே!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அப்போ நொறுங்கின காரை ராத்திரி கம்பெனிக்குக் கொண்டுவந்தது யாரு?" என்றார் பெரியவர்.

டல்-ஹோவின் விரல் மெல்ல உயர்ந்தது.

"மேடம்தான்... அவங்களே ஓட்டிட்டு வந்தாங்க. 'ரியூ இடிச்சுட்டான், நான் போய் எடுத்துட்டு வந்தேன்'னு சொன்னாங்க!"

எல்லாக் கேமராக்களும் மா நின்றிருந்த திரைச்சீலைப் பக்கம் திரும்பின.

மா யோன்-சுக் அங்கே இல்லை!

முன்கூடத்தில் தடால் என்று ஒரு சத்தம். பிறகு தேன் துளியும் இல்லாத ஒரு அலறல்.

போங் ஓடினார். குதிகால் செருப்போடு வாசலுக்குப் பாய்ந்த மா, துப்புரவுப் பெண்மணி அப்போதுதான் துடைத்திருந்த ஈரத்தரையில் வழுக்கி, மலர்வளையங்களைச் சாய்த்துக்கொண்டு மல்லாந்து கிடந்தாள். கைப்பை வாய் பிளந்து கிடந்தது. உதட்டுச்சாயத்துக்கும் கைக்குட்டைக்கும் நடுவே கேமரா கார்டு.

"தூக்கிப் போட மனசு வரலையா மேடம்?" என்றார் போங்.

"அதுல... அதுக்கு முந்தின வாரம் டல்-ஹோ கார்ல என்னைத் திட்டினதும் பதிவாகியிருந்தது. பின்னாடி அவனை மிரட்ட வேணும்னு..."

விலங்கு மாட்டப்பட்டது.

நேரலை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தாக் ஹே-ரின் மைக்கை நீட்டினாள்.

"ஐயா... கலைத்துறையில பொறுப்புங்கறதைப் பத்தி நீங்க என்ன சொல்றீங்க?"

"அடிபட்ட பையன் எந்த ஆஸ்பத்திரியில இருக்கான்? மொதல்ல அங்கே போவோம். ஒத்துக்கறதும் மறுக்கறதும் எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் பண்ணிட்டிருக்கீங்க. அவன்கிட்ட ஒருத்தராவது பேசினீங்களா?"

தாக் ஹே-ரின் மைக்கை இறக்கினாள்.

பெரியவர் ரியூவின் தோளில் கை வைத்தார். "அடுத்த திதிக்கு முன்வாசல் வழியா வா."

ரியூ அழுதான். நன்றாகக் குனிந்தே அழுதான். இந்தத் தடவை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு, யோங்ஜு பியோன் குடும்பத்து மூத்தவர் ரியூ ரசிகர் மன்றத்தில் உறுப்பினராகச் சேர்ந்துவிட்டதாக இணையத்தில் ஒரு வதந்தி உலவுகிறது.

அப்பட்டமான பொய்.

பியோன் வீட்டு மூத்தவர்கள் எதிலும் உறுப்பினராகச் சேர்வதில்லை... தலைவராகத்தான்!