கடைசி அடைப்புக்குறி

செல்போன் அலறியது.

விடுமுறை நாள். மூன்று மாடிக் கட்டடத்தில் ரிசப்ஷனிஸ்ட்டுக்குத் தெரிந்து அவளைத் தவிர ஈ, காக்கா இல்லை. எடுத்தாள்.

"ம்மா... மேனேஜர் பேசறேன். மெஷின் ரூம்ல மாட்டிக்கிட்டேன். கதவு பூட்டிக்கிச்சு, ஏசி நின்னுடுச்சு. மூச்சு முட்டுது..."

"ஐயய்யோ! பூட்டை உடைக்க ஆள் கூப்பிடறேன் சார்."

"யாரையும் கூப்பிடாதே! கம்ப்யூட்டர் சொன்னாதான் கதவு திறக்கும். புரோகிராமர் சீட்டுக்குப் போ."

"அவர் எங்கே சார்?"

"நேத்தே லீவுல போயிட்டான்."

ஓடினாள். எதிரே மெஷின் ரூமின் இரும்புக் கதவு. திரையில் புரோகிராம் எழுதும் எடிட்டர் திறந்தே கிடந்தது. கம்ப்யூட்டரில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் விசிட்டர் பட்டியல் அடிப்பதுதான். இப்போது ஓர் உயிர் அவள் விரல் நுனியில்!

"இது லிஸ்ப்ங்கற கம்ப்யூட்டர் பாஷை. முதல்ல மெஷின் எடிட்டரோட பேசுதான்னு பார்க்கணும். அடைப்புக்குறி போடு. கூட்டல். ரெண்டு. மூணு. எண்டர்."

"கூட்டல் முன்னாடியா? எங்க கணக்கு வாத்தியார் பெஞ்ச் மேல ஏத்திருவார் சார்."

"நீ அடிம்மா..."

அடித்தாள்.

(+ 2 3

"கல்லு மாதிரி உக்காந்திருக்கு சார்."

"அடைப்புக்குறியை மூடினியா? மூடினாதான் வேலை செய்யும். இல்லன்னா வருஷக்கணக்கா காத்துக்கிட்டே இருக்கும்."

மூடினாள். 5 என்று வந்து விழுந்தது.

"சார், எனக்கு லிஸ்ப் வந்துடுச்சு!" தலைகால் புரியவில்லை அவளுக்கு.

"கொண்டாட்டம் அப்புறம். இப்ப அடைப்புக்குறிக்குள்ள கதவு-திறன்னு அடி."

"அடிக்கிறேன்... மேல அரைப்புள்ளி போட்டு ஏதோ வரி இருக்கே சார்?"

"அது கமெண்ட். மெஷின் கண்டுக்காது. மனுஷங்க படிக்க எழுதறது."

அவள் மனுஷி. படித்தாள்.

; திருட்டைக் கண்டுபிடித்ததால் மேனேஜர் என்னைக் குத்திவிட்டார். அவரை மெஷின் ரூமுக்குள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன். போலீஸைக்

அதோடு நின்றிருந்தது.

மேஜைக்கடியில் முனகல்!

குனிந்தாள். ரத்தம் தோய்ந்த சட்டையோடு புரோகிராமர். மூச்சு இருந்தது.

"என்னம்மா, சத்தத்தைக் காணோம்?"

"எழுத்து பொடியா இருக்கு சார். கண்ணாடி எடுத்துட்டு வந்துடறேன்."

ரிசப்ஷன் போனில் போலீஸையும் ஆம்புலன்ஸையும் கூப்பிட்டாள். திரும்பி வந்து துப்பட்டாவைச் சுருட்டிக் காயத்தில் அழுத்திப் பிடித்தாள்.

"அடிச்சியா?"

"கதவு-திற வரைக்கும் வந்துட்டேன் சார். மூடற அடைப்புக்குறி எங்கே இருக்கு?"

"பூஜ்யத்து மேல! இப்பத்தானே போட்டே?"

"பதட்டத்துல மறந்துடுச்சு. பூஜ்யம் ஒன்பதுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

பன்னிரண்டு நிமிடம் தேடினாள். மேனேஜர் கெஞ்சினார், கத்தினார், சம்பள உயர்வு தருவதாகக்கூடச் சொன்னார்.

ஆம்புலன்ஸ்காரர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே, "பிழைச்சுடுவார்" என்று கிசுகிசுத்தார். இன்ஸ்பெக்டர் துப்பாக்கியோடு கதவை ஒட்டி நின்று தலையாட்டினார்.

(கதவு-திற)

எண்டர்.

கதவு திறந்தது. ஒரு கையில் செல்போன், மறு கையில் கத்தியோடு வெளியே பாய்ந்த மேனேஜர் துப்பாக்கியைப் பார்த்து உறைந்தார். கத்தி கீழே விழுந்தது. செல்போன் மட்டும் காதிலேயே இருந்தது.

அதில் அவள் குரல் கேட்டது.

"முதல் நாளே புரோகிராம் ஓடிடுச்சு சார். மிச்சப் பாடத்தை ஜெயிலுக்கு மனு போட்டு வந்து கேட்டுக்கறேன்."