தாளம் தப்பிய மோட்டார்

புதுப் பேரிங் போட்ட பிறகும் அந்தச் சத்தம் போகவில்லை.

நீண்ட திருப்புளியின் முனையை மோட்டாரின் முதுகில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டார் மெக்கானிக். எத்தனையோ வருடமாக மோட்டார்களுக்கு இப்படித்தான் அவர் நோய் பார்ப்பது. சீரான உறுமலுக்கு அடியில், ஈரத் துணியை யாரோ சுவரில் அறைவது போல, டப்... டப்டப்... பிறகு ஒன்றுமில்லை. மறந்துபோய் நினைவு வந்தது போல மறுபடி, டப்.

அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தள அறை அது. பாசியும் கிரீஸும் கலந்த வாடை. ஒற்றை விளக்கில் குழாய்களின் நிழல் சுவரெல்லாம் வேரோடிக் கிடந்தது. வெளியே நல்ல பகல்; இங்கே அது எட்டிப் பார்ப்பதோடு சரி.

"என்ன மாஸ்டர், மோட்டார்கிட்ட ரகசியம் பேசி முடிச்சாச்சா?" படிக்கட்டின் உச்சியிலிருந்து வாட்ச்மேன் குரல் கொடுத்தார். "மேல எல்லாரும் சோப்பு போட்டுட்டு நிக்கிறாங்க!"

"தொடச்சுக்கச் சொல்லுய்யா. வர்றேன்."

இவ்வளவு சொல்வதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

சளிக்காய்ச்சலில் படுத்து எழுந்த உடம்பு. காலையில் கிளம்பும்போது மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "காய்ச்சல் விட்டாலும் அந்தக் கிருமி இதயத் தசைய வீங்க வெச்சிருக்கலாம், கனம் தூக்கக் கூடாது, படபடப்பு வந்தா உடனே ஓடி வரணும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே. உங்க காதுல ஏறலையா?"

"இருமலே நின்னுடுச்சு. சும்மா நைநைன்னுட்டு..." என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இப்போது அந்தத் தோளில் சுரீரென்று ஒரு வலி. மோட்டாரைப் புரட்டிய வலிதான் என்று தேய்த்துவிட்டுக்கொண்டார். செருப்பு வார் பாதத்தில் பள்ளம் பதித்திருந்தது. ஈரத்தில் வார் இறுகிவிட்டது என்று தளர்த்திக்கொண்டார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது, பாவம்.

மறுபடி திருப்புளி. மறுபடி காது.

டப்டப்டப். இடைவெளி. டப்.

காலையில் வேறொரு கட்டடத்தில் பார்த்த மோட்டாரிலும் இதே சத்தம். பேரிங்கை மாற்றச் சொல்லிவிட்டு வந்தார். நேற்று வீட்டு மோட்டாரில்... அதிலும்தான்.

வேறு வேறு மோட்டார். ஒரே நோய்.

பிடரியில் வேர்வை ஜில்லென்று இறங்கியது. கையை நீட்டி சுவிட்சை அணைத்தார். உறுமல் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. குழாயில் கடைசித் தண்ணீர் சலசலத்து ஓய்ந்தது.

டப். டப்டப்.

திருப்புளியைக் கீழே போட்டார்.

டப்.

காதுகளைப் பொத்தினார். சத்தம் பெரிதானது.

படிக்கட்டு. ஏறிவிட்டால் போதும். மனைவியிடம் போய்ச் சேர்ந்தால் போதும். ஒரு படி. கால் ஈயமாகக் கனத்தது. இன்னொரு படி. நெஞ்சுக்குள் தண்ணீர் தேங்கியது போல மூச்சு கொளகொளத்தது. வாட்ச்மேனைக் கூப்பிட வாயைத் திறந்தார். வெறும் காற்று.

சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

மேலே ஒரு பெண் குரல். "தண்ணி வந்துட்டு நின்னுபோச்சே! கீழ என்னதான் நடக்குது?"

"போட்டுப் பார்த்துட்டு நிறுத்தியிருப்பாரும்மா. வேலை முடிஞ்சிருக்கும். இதோ ஏறி வந்துடுவாரு," என்றார் வாட்ச்மேன். நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் உட்காரும் ஓசை.

டப்.

அடுத்ததற்காக, அந்த அரையிருட்டில், கண்களை அகல விரித்தபடி அவர் காத்திருந்தார்.