பன்னிரண்டாவது கண்ணாடி

சாம்ராஜின் உயிருக்கு விலை நாற்பது பைசா.

மைதீன் பாட்சாவின் போட்டோ பிரேம் கடையில் விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்று அந்த விலைதான். அவர் ஐம்பது சொன்னார். நாற்பதுக்குப் படிந்தது.

கண்ணாடியைப் பற்றி அப்புறம்...

முதலில் பிணம்.

1979 அக்டோபர். திங்கட்கிழமை காலை ஏழரை மணி. சங்கரன்கோவிலில் விடிய விடிய மழை. நூற்றுப் பத்து வயதான கிறிஸ்தவ வேதக்கோயிலின் மணிக்கூண்டு வடக்குப் பக்கம் சரிந்து, கற்குவியலாகக் கிடந்தது.

குவியலுக்கு வெளியே இரண்டு கால்கள்.

ஒன்றில் மட்டும் செருப்பு.

கான்ட்ராக்டர் சாம்ராஜ்! பக்கத்தில் முறிந்த ஏணி.

சப்-இன்ஸ்பெக்டர் துரைப்பாண்டி குடையை மடக்குவதற்குள் சபைப் பொருளாளர் சத்தியநாதன் ஒரு ரிஜிஸ்தரை நீட்டிவிட்டார். திறந்த பக்கத்தில் போன மாசத் தேதி. 'மணிக்கூண்டு நல்ல நிலை.' கீழே கையெழுத்து. ஞானரத்தினம், ரிட்டயர்டு ஓவர்சியர்.

"நல்ல நிலையாம்ல. நல்லாப் பாத்துக்கிடுங்க சார்" என்றார் சத்தியநாதன்.

ஞானரத்தினம் வேப்பமரத்தடியில் கைத்தடியோடு நின்றிருந்தார். சாம்ராஜின் மனைவி தங்கபாய் அவரைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தினாள்.

"பதினெட்டு வருசம் அண்ணாச்சி அண்ணாச்சின்னு ஒங்க பின்னாலயே அலைஞ்சாரே... கெட்டியா இருக்குன்னு எழுதிக் குடுத்து, கொன்னுட்டியளே."

அவர் கைத்தடியை ஊன்றிக் கற்குவியலைப் பார்த்தார்.

துரைப்பாண்டி அவரைத் தனியே அழைத்துப் போய், இது 304-ஏ, கவனக்குறைவால் மரணம், இரண்டு வருஷம் வரை உள்ளே தள்ளலாம் என்று தன்மையாகவே விளக்கினார். பென்ஷனும் போகலாம். பேர் இப்போதே போய்விட்டது.

"கட்டடத்தை எப்படிப் பாப்பிய? அதைச் சொல்லுங்க."

ஞானரத்தினம் சொன்னார்.

வருஷா வருஷம் மழைக்கு முன்னால் சோதனை. உத்தரத்தைக் கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலால் தட்டிக் கேட்பது. தண்ணீர் போகும் தூம்பை வாருவது. சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு பிடுங்குவது. அப்புறம் கண்ணாடி. சுவரில் மொத்தம் பன்னிரண்டு விரிசல். ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு கண்ணாடித் துண்டு. பன்னிரண்டாவது மணிக்கூண்டில். இரண்டு முனையிலும் சுண்ணாம்புக் காரை. மேலே சிவப்புப் பெயிண்டில் ஒட்டிய தேதி. கண்ணாடி முழுசாக இருந்தால் விரிசல் தூங்குகிறது. உடைந்தால் முழித்துக்கொண்டது. உடனே வைத்தியம்.

"அப்ப போன மாசம் மணிக்கூண்டுக் கண்ணாடி முழுசா இருந்துச்சா?"

"இருந்துச்சு. போன வருசத் தேதியோட."

"நீங்க பாத்தியளா?"

ஞானரத்தினம் முழங்காலைத் தடவினார்.

"கீழ நின்னு பாத்தேன்."

மூட்டுவலி. நாற்பதடி ஏணி. இந்த முறை ஏறியது சாம்ராஜ். மேலிருந்து அவன் கூப்பிட்டது இவர் காதில் இன்னும் இருக்கிறது. 'முழுசா இருக்கு அண்ணாச்சி. எழுதிக்கிடுங்க.' இறங்கி வந்தவனுக்கு ஏணி ஏறிய கூலி இரண்டு ரூபாயை நீட்டினார். நமக்குள் என்ன கூலி என்று தோளைத் தொட்டுவிட்டுப் போனான். அன்று ராத்திரி ஜெபத்தில் அவன் பேரைச் சொல்லிக் கர்த்தருக்கு நன்றி கூறினார் ஞானரத்தினம்.

"ஏறாமலே கையெழுத்து போட்டுட்டிய."

"அவன் கண்ணு என் கண்ணு மாதிரி சார்."

அதற்குள் கான்ஸ்டபிள் மூக்காண்டி இடிபாட்டிலிருந்து ஒரு காக்கிப் பையை இழுத்துக்கொண்டு வந்தார். சாம்ராஜுடையது. ரிப்பேர் செய்ய ஏறியிருப்பார் போல, பாவம், என்றார். சத்தியநாதன் அவசரமாக ஆமோதித்தார்.

பை கவிழ்ந்தது. ஒரு கொத்தனார் கரண்டி. ஒரு உளி. சின்னச் சுத்தியல். தகர டப்பாவில் சாம்பல் நிறப் பொடி. பழைய தினசரியில் சுற்றிய ஏதோ ஒன்று.

ஞானரத்தினம் டப்பாவுக்குள் விரலை விட்டார்.

சிமெண்ட்!

முகம் மாறியது. இடிபாட்டுக்குள் இறங்கினார். மூட்டுவலி எங்கே போனதோ, கல் கல்லாகப் புரட்டினார். கடைசியில் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன்மேல் பாதிக் கண்ணாடி. கண்ணாடியைப் பிடித்திருந்த பூச்சை நகத்தால் சுரண்டினார். நகம்தான் ஒடிந்தது.

"இது என் கண்ணாடி இல்ல சார். நான் ஒட்டுறது சுண்ணாம்பு. நகம் பட்டா மாவா உதிரும். சுண்ணாம்புச் சுவர்ல நான் சிமெண்டைத் தொடவிட மாட்டேன். அது சுவரோட தோலையே உரிச்சிரும்."

"அப்ப ஒட்டுனது யாரு?"

ஞானரத்தினம் தினசரிச் சுருளைப் பிரித்தார்.

புத்தம்புதுக் கண்ணாடி. மேலே சிவப்பில் 10/78. போன வருஷத் தேதி. அவருடைய எழுத்தைப் போலவே அதே சாய்வு.

பெருவிரலை வைத்து எடுத்தார்.

விரலில் சிவப்பு ஒட்டியது. பெயிண்ட் இன்னும் காயவில்லை!

துரைப்பாண்டிக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. போன மாசம் ஏறியபோதே சாம்ராஜ் பார்த்தது உடைந்த கண்ணாடியை. சொல்லவில்லை. மறுநாளே திரும்ப ஏறிப் புதுசு ஒட்டினான். சுண்ணாம்பு நீர்த்துப் பதமாக நாலு நாள் வேண்டும். அவனுக்குப் பொறுமை இல்லை. நேற்று மழையில் அந்தக் கண்ணாடியும் போய்விட்டது. இன்று பத்து மணிக்குத் திருநெல்வேலியிலிருந்து சபை இன்ஜினீயர் பார்க்க வருவதாக இருந்தது, அதை ஞானரத்தினம்தான் சொன்னார். ஆகவே விடிகாலையில் மூன்றாவது கண்ணாடியோடு ஏறினான். பழைய சிமெண்ட் பெயரவில்லை. உளியை வைத்து அடித்தான். நனைந்த சுவர், அடிக்கு மேல் அடி...

சுண்ணாம்பாக இருந்தால் விரலாலேயே வந்திருக்கும்.

"எதுக்கு மறைக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே துரைப்பாண்டி பையின் உள்பாக்கெட்டில் கைவிட்டார். மடித்த ஒரு தாள். புது கான்கிரீட் மணிக்கூண்டு, எஸ்டிமேட், நாற்பத்திரண்டாயிரம் ரூபாய். தேதி ஆகஸ்ட். சோதனைக்கு ஒரு மாசம் முந்தியே!

விரிசல் இன்று தெரிந்தால் இருநூறு ரூபாய்க் காரை வேலை. இரண்டு மழை கழித்துத் தெரிந்தால் நாற்பத்திரண்டாயிரம். லாபம் தெரிந்த வியாபாரம்தான்.

தாளின் அடியில் சாம்ராஜின் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. சத்தியநாதன்.

திரும்பிப் பார்த்தார்கள். சத்தியநாதன் வாசல் கேட்டருகே இருந்தார். கரிவலத்தில் ஒரு துக்க வீடு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார்.

"துக்க வீடு இங்கனயே இருக்கே அண்ணாச்சி" என்றார் துரைப்பாண்டி. "ஜீப்புல ஏறுங்க."

தங்கபாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். ஞானரத்தினத்தின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. அவராலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்று துரைப்பாண்டி சொன்னபோது, அவர் நகரவில்லை.

"என் பேரையும் எழுதிக்கிடுங்க சார். அவன் கண்ணாடியை மாத்துனான். நான் என் கண்ணை மாத்திட்டேன்."

"அதைக் கோர்ட்டு சொல்லட்டும். ஒங்க ரிஜிஸ்தரை முடிச்சுக் குடுங்க, எனக்கு வேணும்."

ஞானரத்தினம் ஈரக் கல்லில் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார். 'நல்ல நிலை' என்பதை அடித்தார். கீழே எழுதினார்.

கண்ணாடி: பன்னிரண்டு.

முழுசு: பதினொன்று.

உடைந்தது: ஒன்று.

ஏறாமல் போட்ட கையெழுத்து: ஒன்று.

கொஞ்சம் யோசித்தார். இன்னொரு வரி சேர்த்தார்.

கூலி வேண்டாம் என்ற கான்ட்ராக்டர்: ஒன்று. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.