கடற்கோட்டையின் உப்புச் சட்டி

“சட்டி இல்லாம திரும்பினா, இந்தப் பனிக்காலத்துல யார் யாரைப் புதைக்கிறதுன்னு இப்பவே பேசி வச்சுக்கலாம்!” என்றான் குனோமோர்.

தங்கை பிரிக்கா கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டாள். உப்பு தீர்ந்துவிட்டது. உப்பில்லாமல் இறைச்சி அழுகும், பிறகு பட்டினிதான். கடல்நீர் காய்ச்சி உப்பெடுக்கும் ஆள் நீள ஈயச் சட்டி ஒன்று, ரோமானியப் படை கைவிட்டுப் போன கடற்கோட்டையில் கிடந்தது. புதிதாக வார்க்கத் தெரிந்தவர்கள் யாரும் மிஞ்சவில்லை. கடலுக்குப் பயந்து ஊரே மேட்டுக்கு ஏறியிருந்தது.

கடல் உள்வாங்கியதும், சேற்றின் குறுக்கே கோட்டைக்குப் போகும் கல்பாதை வழியே மூவர் புறப்பட்டார்கள். மூன்றாமவன் ஆஸ்கா, கடல் தாண்டி வந்து கழிமுகத்தில் குடியேறிய மீனவன். அவன் குனிந்து கற்களுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தான்.

“அடியில மண்ணே இல்ல, வெறும் தண்ணி.”

“நேத்து வந்தவன் நீ! எங்கப்பா படையில இருந்து போட்ட பாதைடா இது. வருஷா வருஷம் கூட்டுறேன்!”

உண்மைதான். படை போன பிறகும் ஒவ்வொரு வசந்தத்திலும் குனோமோர் துடைப்பத்தோடு வந்து பாசியைக் கூட்டுவான். யாரும் நடக்காத பாதை அது.

கோட்டையில் மணலைத் தோண்டிச் சட்டியைப் பெயர்ப்பதற்குள் கடல் ஏறத் தொடங்கிவிட்டது.

“இந்தக் கனம் பாதை தாங்காது. சேத்துல இழுப்போம், வழுக்கிட்டு வரும்” என்றான் ஆஸ்கா.

“பன்னி மாதிரி புரண்டு வாங்க! நான் முன்னாடி போய் ஆள் கூட்டிட்டு வரேன்.”

பிரிக்கா சட்டியில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி அண்ணனைப் பார்த்தாள். “வேண்டாம்ணா.”

அவன் சிரித்துக்கொண்டே கல்பாதையில் ஓடினான். பாதிவழியில் கற்கள் அவனோடு சரிந்தன. அலறக்கூட நேரமில்லை. கயிற்றை விட்டுவிட்டு அவள் பாய்ந்தாள். சேறு இடுப்புவரை விழுங்கியது. ஆஸ்கா சட்டியில் குப்புறப் படுத்து அவள் கூந்தலைப் பிடித்து இழுத்தான். பாதை இருந்த இடத்தில் பழுப்பு நீர் சுழன்றது.

இருவரும் சட்டியைக் கரைவரை இழுத்தார்கள். சட்டியைக் கண்டு ஊர் ஆரவாரித்தது. பிறகு ஆட்களை எண்ணிப் பார்த்து அடங்கிப்போனது.

அடுத்த முறை கடல் உள்வாங்கியபோது பிரிக்கா கடப்பாரையோடு வந்தாள்; கரையோரம் மிஞ்சியிருந்த பாதையின் கற்களைப் பெயர்த்தாள்.

“உன் அண்ணன் பாதையாச்சே?” என்றான் ஆஸ்கா.

“அடுப்புக்குக் கல் வேணும்.”

அவன் சேற்றில் வழிகாட்டும் கம்புகளை நட்டான். “கடல் பிடுங்கிப் போட்டுடும். திரும்பத் திரும்ப நடணும்.”

“நடுவோம்.”

முதல் உப்பு வெளுத்து வந்த மாலையில், அண்ணனின் துடைப்பத்தால் அவள் அடுப்படியைக் கூட்டினாள்.